ஐந்து கிலோ

தராசு என் பொறுப்பு.
பார்சலோனாவுக்கு வடக்கே, மொண்ட்மெலோ ஓடுதளம்.
பிப்ரவரியின் கடைசி வெள்ளி.
காலை ஒன்பதுக்கும் தார் நான்கு டிகிரியில் விறைத்துக் கிடந்தது.
எங்கள் கார் முழுக்க வெள்ளை.
அழகுக்காக இல்லை,
அந்த வெள்ளையை விலைக்கு வாங்க
இன்னும் ஆள் வரவில்லை.

கெல்மார்ஷ் அணியில் இருநூற்றுப் பத்துப் பேர்.
ஏப்ரலோடு சம்பளம் தீருகிறது என்று
கணக்கர் கோர்டீலியா சொல்லவில்லை.
வாடகைக் காபி இயந்திரத்தை அவள் திருப்பி அனுப்பியபோது
மறுமுனையைப் பிடித்துத் தூக்கியவன் நான்.

பக்கத்துக் கொட்டகையில் வால்தோராக்காரர்கள்.
நான்கு நாளாய் ஒரே வேலை:
கிளம்புவார்கள், இருபது சுற்று,
உள்ளே வந்ததும் திரையை இழுத்து மூடுவார்கள்.
ஒரு நிமிடம், பத்தொன்பது புள்ளி ஒன்று.
பத்தொன்பது புள்ளி ஒன்று.
பத்தொன்பது புள்ளி இரண்டு.
மறுபடியும் ஒன்று.
வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி.
பட்டியலில் ஒன்பதாம் இடம்.
இந்த வருடம் அவர்கள் கதை அவ்வளவுதான் என்று
சாப்பாட்டு வரிசையில் பேசிக்கொண்டார்கள்.

மதியம் சூரிக்கிலிருந்து மூன்று பேர்,
காப்பீட்டு நிறுவனம்,
எண்ணெய்க் கறை படாத காலணிகள்.
புரூயட் என் பக்கம் வந்து
மழை வருமா என்பதுபோல் கேட்டார்:
"ஐந்து போதுமா?"
"திரும்பி வரவேண்டாம் என்றால் போதும்."
"வந்துவிடும்" என்றார்.

பத்துக் கிலோ குறைத்தால்
ஒரு சுற்றில் நொடியின் பத்தில் மூன்று குறையும்.
இந்தத் தொழிலில்
இதைத் தவிர எனக்கு வேறு வேதம் கிடையாது.
நிறைகுடம் தளும்பாது என்பார்கள்.
எங்கள் குடத்தில் அடி நனைய ஐந்து கிலோ.
ஆடச் சொன்னால் ஆடாமல் என்ன செய்யும்?

ஈரோ லாஹ்தெலாவிடம்
இருபது என்று சொல்லியிருந்தோம்.
இருபத்திரண்டு வயது, முதல் வருடம்,
உறையை மாட்டுமுன் விரல்களை எண்ணிப் பார்ப்பான்.
நான்கு மணிக்குத் தார் கொஞ்சம் இளகியது.
இருப்பதில் மிக மென்மையான டயரைப்
போர்வைக்குள்ளிருந்து எடுத்தார்கள்,
பச்சைக் குழந்தையைத் தூக்குகிற பதவிசோடு.

ஒரு நிமிடம், பதினாறு புள்ளி நான்கு.

திரையில் எங்கள் பெயர் உச்சிக்கு ஏறியது.
சூரிக் கோட்டுகள் கைதட்டின.
புரூயட் யாரையோ கட்டிக்கொண்டார், யாரென்று பார்க்காமலே.
கடைசி வளைவில் இன்ஜின் இருமியது.
எனக்கு மட்டும் கேட்ட இருமல் அது.
உருண்டு வந்த காரை ஆறு பேர்
கொண்டாட்டம் போலவே ஓடிப்போய்த் தள்ளி
உள்ளே கொண்டுவந்தோம்.

தலைக்கவசத்தைக் கழற்றிய ஈரோவுக்குக் கண்ணெல்லாம் நீர்.
"இன்றைக்குத்தான் இது என்னோடு பேசியது" என்றான்.
நான் குழாயைச் செருகி
மிச்சத்தை இறக்கினேன்.
ஒரு காபிக் கோப்பையளவு.

இருட்டும் நேரத்தில் வேலியோரம் மெரிச்செல் பொக்.
உள்ளூர்ப் பத்திரிகை.
நிறுத்துக்கடிகாரம் வைத்துக்கொள்ள மாட்டாள்,
நான்கு நாளும் பத்தாவது வளைவிலேயே நின்றவள்.
தக்காளி தேய்த்த ரொட்டியை மென்றபடி கேட்டாள்:
"பிரேக் பிடிக்கையில் உங்கள் கார் மூக்கைத் தாழ்த்தவே இல்லையே,
எவ்வளவு ஊற்றினீர்கள்?"
"தராசு பழுது."
"அவர்களுடையது நூறாவது இருக்கும்,
அதுவும் கடினமான டயர்.
கழித்துப் பார்த்தால் உங்களுக்கு முன்னால்
ஏறக்குறைய ஒரு நொடி, இல்லையா?"
என் கையுறையைப் பார்த்தாள்.
நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
"திங்கட்கிழமைதான் எழுதுவேன்" என்று
ரொட்டியில் பாதியைக் கிள்ளித் தந்தாள்.
ஒப்பந்தம் சனிக்கிழமை கையெழுத்தாகும் என்பது
அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

உள்ளே பாட்டில்கள் திறந்தன.
வெள்ளைப் பக்கத்தில் நீல எழுத்தை
ஒட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
கோர்டீலியா சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.
அந்தச் சிரிப்பிலும் ஐந்து கிலோ என் பங்கு.

வெளியே, கொடி காட்ட இன்னும் பத்து நிமிடம்.
கனத்த வயிற்றோடு ஒரு கார்
தனியாகக் கடந்து போனது.
கையில் ரொட்டியோடு எண்ணத் தொடங்கினேன்.
அது திரும்பி வந்தபோது
எண்பதைத் தொடவில்லை.